காலில் பிளேட், வீட்டில் இரண்டு வாண்டுகள்: குழந்தைகளை ஊருக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

வாசகர் ஒருவர், 5 அக்டோபர் 2024

கணுக்கால் ஆபரேஷன் ஆகி, அக்குளில் கட்டை ஊன்றி நடப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சின்னக் குழந்தைகள் இருந்தால் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆறு வாரம் படுத்து எழுந்த பிறகு கூட்டி வந்துகொள்ளலாம். கட்டையும் குழந்தையும் ஒரே வீட்டில் சரிப்படாது. என் அக்கா பிடிவாதமாகக் கூடவே வைத்துக்கொண்டார், திரும்பவும் விழுந்ததுதான் மிச்சம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

6 அக்டோபர் 2024

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. இதை எழுதும்போதே இடது காலை மூன்று தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கணுக்காலில் இரண்டு பக்கமும் உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து, மாவுக்கட்டோடு வீடு வந்தாயிற்று. ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சென்னை மடிப்பாக்கத்தில் முதல் மாடி, லிஃப்ட் கிடையாது. மகன் இரண்டாம் வகுப்பு. மகளுக்கு இரண்டரை வயது. வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார், ஆனால் அவருக்கே முழங்கால் வலி.

எப்படி விழுந்தேன் என்று கேட்காதீர்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன். ஆமாம், தமிழ்நாட்டில் இந்தக் காரணத்தைச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்று தெரியும். பால்காரரிலிருந்து பெரியப்பா வரை எல்லோரும் "எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டு முடித்துவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்குப் பள்ளி இருக்கிறது, அவனை அனுப்ப முடியாது. சின்னவளை மட்டும் அனுப்பலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் ஒரு நாள் காலையில் அம்மா திடீரென்று ஆம்புலன்ஸில் போய்விட்டாள், திரும்பி வந்ததும் தன்னை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டாள் என்றால் அந்தக் குழந்தை அதை எப்படி எடுத்துக்கொள்ளும்? அதனால் வேண்டாம் என்றேன். இதில் வீரம் ஒன்றும் இல்லை. நான் பார்த்தவரை இது மனதைரியப் பிரச்சினையே அல்ல, கட்டில் நாற்காலிப் பிரச்சினை. குழந்தையிடம் நாம் போக முடியாது. அது நம்மிடம் வந்து சேரும்படி வீட்டை மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

6 அக்டோபர், இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் அக்கா எங்கே விழுந்தார்? ஈரத்திலா, மிதியடியிலா? குழந்தை தடுக்கி விழுந்தாரா? அது தெரியாமல் குழந்தை மேல் பழி போடுவது நியாயமில்லை.

9 அக்டோபர் 2024

நேற்று பிசியோ வந்தார். முதல் வேலையாகக் கட்டையின் உயரத்தைக் குறைத்தார். கடைக்காரர் அக்குளில் முட்டும்படி வைத்துக் கொடுத்திருந்தார், நானும் பாரத்தை அக்குளில் கொடுத்துத்தான் தொங்கிக்கொண்டிருந்தேன். இரவில் கை மரத்துப்போனதற்குக் காரணம் அதுதான். அக்குளுக்கும் கட்டையின் மேல் பஞ்சுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். முழங்கை லேசாக மடங்கி இருக்க வேண்டும். பாரம் முழுக்க உள்ளங்கையில்தான். அக்குளில் ஓடும் நரம்பு நாள்கணக்கில் நசுங்கினால் மணிக்கட்டையே நிமிர்த்த முடியாமல் கை தொங்கிப்போகும் என்றார். காலுக்காக வந்தவர் கையைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்.

உள்ளங்கை எரிகிறது என்பவர்களுக்கு: பழைய டர்க்கி டவலைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றித் தைத்துவிடுங்கள்.

இன்னொன்று. காலைக் கீழே தொங்கவிட்டால் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறுகிறது. முதல் நாள் பார்த்துவிட்டு அழுதேவிட்டேன். ரத்தம் கீழே தேங்குவதால் வருவது, காலை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கி வைத்ததும் இறங்கிவிடுகிறது. ஆனால் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ அது வேறு விஷயம். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எனக்கு அது வராமல் இருக்கத்தான் வயிற்றில் ஊசி போட்டார்கள். உங்களுக்குப் போடவில்லை என்றால் வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

12 அக்டோபர் 2024, விஜயதசமி

"இரண்டரை வயசுப் பிள்ளை தூக்கு தூக்கு என்று அழும்போது என்ன செய்கிறீர்கள்?" என்று மேலே ஒரு தோழி கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் நாள் முழுக்க இதில்தான் போகிறது.

நின்றுகொண்டு தூக்கவே முடியாது. துணியில் கட்டி முதுகிலோ மார்பிலோ சுமந்துகொண்டு கட்டை ஊன்றலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விழுந்தால் இரண்டு பேரும் போவோம். நான் "தூக்க மாட்டேன்" என்று சொல்வதையே நிறுத்திவிட்டேன். "ஏறு" என்கிறேன். திவானுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டாயிற்று. அவள் அதில் ஏறி, திவானில் ஏறி, என் மடிக்கு வந்துவிடுவாள். முதலில் கத்தினாள். அப்புறம் ஏறுவதே விளையாட்டாகிவிட்டது. இப்போது நான் தூங்கும்போதும் ஏறி வந்து வயிற்றில் உட்காருகிறாள். அது தனிப் பிரச்சினை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் குழந்தையோடு தூங்க வசதியாக இருக்கும் என்று தரையில் மெத்தை போட்டுப் பார்த்தோம். படுத்தாயிற்று, எழுவது எப்படி? ஒற்றைக் காலால் தரையிலிருந்து எழுவது எவ்வளவு பெரிய வேலை என்று எழுந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கட்டிலும் ரொம்ப உயரமாக இருக்கக் கூடாது. உட்கார்ந்தால் நல்ல கால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உயரத்தில் இருந்தது ஹாலில் கிடந்த பழைய திவான்தான். அதனால் நான் இப்போது ஹால்வாசி. டயப்பர், துண்டு, தண்ணீர், பிஸ்கட், சார்ஜர் எல்லாம் கை எட்டும் தூரத்தில் ஒரு காய்கறிக் கூடையில்.

தூங்க வைப்பதற்குத் தூளி. எங்கள் வீட்டுக் கொக்கியில் இன்னும் பழைய சுங்குடிச் சேலைத் தூளி தொங்குகிறது. மகளுக்கு வயது தாண்டிவிட்டது என்று அவிழ்க்க இருந்தோம், நல்லவேளை அவிழ்க்கவில்லை. தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனி திவான்வரை வருகிறது. படுத்துக்கொண்டே இழுத்து ஆட்டுகிறேன். அம்மா காலத்தில் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான் ஆட்டுவார்களாம்.

அப்புறம் மணி. என்னால் துரத்திப் பிடிக்க முடியாது என்பதை அவள் முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள். வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், பால்கனிக்குப் பூட்டு, கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டர் எப்போதும் மூடியே இருக்கும். இதெல்லாம் யாரும் சொல்வார்கள். இவற்றோடு பூஜை மணியைத் திவானில் வைத்திருக்கிறேன். அடித்தால் ஓடி வந்து தொட வேண்டும், வந்தால் ஒரு திராட்சை. ஆபத்தில்லாத நேரத்தில் பழக்கினால்தான் ஆபத்தில் வேலை செய்யும். மணிச்சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி பிரசாதம் கேட்டு வந்துவிட்டார்.

15 அக்டோபர் 2024

மழை. பள்ளி விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் ஆளாளுக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள் என்று வாட்ஸாப்பில் படம் வருகிறது. எங்கள் தெருவிலும் தண்ணீர்.

காருக்கு மேம்பாலம் இருக்கிறது, கட்டைக்கு ஒன்றும் இல்லை. ஈரக் கிரானைட்டில் கட்டையின் அடிநுனியில் இருக்கும் ரப்பர் புஷ் சறுக்குவதை இன்று காலை பார்த்துவிட்டேன், சுவரைப் பிடித்ததால் தப்பித்தேன். ஆளுக்கொரு ஈரச் செருப்போடு உள்ளே வருகிறார்கள். இனி வாசலில் இரண்டு கோணிச் சாக்கு. தரையைத் துடைத்தால் ஃபேன் போட்டுக் காயும்வரை நான் எழுவதில்லை.

புஷ்ஷைத் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் வளையக் கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் தனியாகக் கிடைக்கிறது, விலையும் பெரிதில்லை. தரையில் கிடக்கும் மிதியடிகள் எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். "வெல்கம்" என்று எழுதியிருப்பதை முதலில் போடுங்கள்.

15 அக்டோபர், சற்றுப் பிறகு

முதல் பதிவு போட்டவர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் அக்கா விழுந்தது மிதியடியில்தானாம். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை நான்.

20 அக்டோபர் 2024

சமையலறை. இரண்டு கையும் கட்டையில் மாட்டிக்கொண்ட பிறகு ஒரு டம்ளர் காபியை அடுப்படியிலிருந்து ஹாலுக்கு எப்படிக் கொண்டுபோவது? கொண்டுபோக முடியாது. மேடையில் சாய்ந்தபடியே குடித்துவிட வேண்டியதுதான். இல்லையென்றால் மூடி போட்டதாக இருக்க வேண்டும். குறுக்காக மாட்டும் ஜோல்னாப் பை ஒன்று, அதில் ஃப்ளாஸ்க், மூடி இறுகிய தூக்கு, போன். சாம்பார் தூக்கில்தான் பயணம் செய்கிறது. பையைக் கட்டையின் கைப்பிடியில் மாட்டாதீர்கள், ஆடி ஆடி நம்மையே இழுக்கும்.

நின்று தாளிக்க ஒரு வழி: அடுப்புக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல், அதன் மேல் தலையணை, உடைந்த காலின் முழங்காலை அதன் மேல் மடித்து ஊன்றுவது. இரண்டு கையும் விடுதலை. தோசை இரண்டு சுடலாம். நாலாவதில் இடுப்பு வலிக்கும். காய் நறுக்குவது, டிபன் பாக்ஸ் கட்டுவது, மாவு பிசைவது எல்லாம் உட்கார்ந்துதான்.

அலுவலகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். உட்கார்ந்த பிறகு நன்றாகத்தான் ஓடுகிறது. உட்காரப் போகும்போது பின்னால் நகர்ந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து. சுவரில் முட்டக் கொடுத்து உட்காருங்கள். முழங்காலை வைத்துத் தள்ளிப்போகும் வண்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி. மகனின் சைக்கிளே தாண்ட மாட்டேன் என்கிறது.

குளியல்: பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துகொண்டு, மாவுக்கட்டுக் காலைக் கதவுக்கு வெளியே இன்னொரு ஸ்டூலில் நீட்டிவிடுவேன். காலுக்குப் பெரிய பிளாஸ்டிக் கவர், கவரின் வாயைச் சுற்றி டேப். பக்கெட்டும் ஸ்டூல் மேல், குனிய வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு என்றால் துளையுள்ள கம்மோடு நாற்காலி வாடகைக்கே கிடைக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு இந்தியன் டாய்லெட்டில் ஒற்றைக் காலில் உட்காரப் பார்க்காதீர்கள்.

நைட்டி போட்டுக்கொண்டு கட்டை ஊன்றுபவர்கள் விளிம்பை ஒரு சாண் வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். ரப்பர் புஷ்ஷுக்கு அடியில் விளிம்பு மாட்டினால் அவ்வளவுதான். லுங்கிக்காரர்களுக்கும் இதுவே.

24 அக்டோபர் 2024

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "ஆபரேஷனே வேண்டியிருந்திருக்காது, புத்தூர் கட்டுப் போட்டிருக்கலாம்."

என் அம்மாவும் இதையேதான் சொன்னார். ஆந்திராவில் புத்தூர், மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு. அந்தப் பெயரில் பலகை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறதா? விலகாத சின்ன முறிவு, அசையாமல் பிடித்து வைத்தால் எதை வைத்துக் கட்டினாலும் பெரும்பாலும் கூடிவிடும். அந்தக் கட்டுகளின் நல்ல பெயரில் பாதி அப்படி வந்ததுதான் என்பது என் எண்ணம். எனக்கு உடைந்தது மூட்டு. உள்ளே எலும்பு இடம் விலகியிருந்தது எக்ஸ்ரேயில் என் கண்ணுக்கே தெரிந்தது. மூட்டு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் பின்னால் தேய்மானம் வரும். இதோடு இந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். அம்மாவோடு வீட்டில் தினமும் நடக்கிறது, இங்கேயும் வேண்டாம்.

பிரண்டைத் துவையலுக்கு நான் எதிரி இல்லை. நல்லெண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்க்காவிட்டால் நாக்கு அரிக்கும், அதைச் சின்னவள் கண்டுபிடித்துத் துப்பிவிட்டாள். ஆட்டுக்கால் சூப் அப்படியே போய் எலும்பில் ஒட்டிக்கொள்ளாது. குடித்தால் சுவையாக இருக்கும், போதாதா? கால்சியத்துக்குக் கேழ்வரகு பக்கம் போங்கள், 100 கிராம் மாவில் சுமார் 350 மில்லிகிராம். பால் 100 மில்லியில் 120-தான். முட்டை, பருப்பு குறைக்காதீர்கள், எலும்பு கூடுவதற்குப் புரதமும் வேண்டும். வீட்டில் யாராவது புகைப்பவர் எலும்பை முறித்துக்கொண்டால் அவருக்கு முதல் வைத்தியம் சிகரெட்டை நிறுத்துவது. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

1 நவம்பர் 2024

தீபாவளி முடிந்தது. நான் பால்கனி நாற்காலியில். கீழே மத்தாப்பும் குழந்தைகளும் வீட்டுக்காரரும். பொறி பறந்து பாவாடையில் விழுந்தால் இறங்கி ஓட முடியாது என்கிற நினைப்பில் சாயங்காலம் முழுக்க வயிறு கலங்கிக்கொண்டிருந்தது. அரசு சொன்ன இரவு 7 முதல் 8 மணி என்ற நேரத்தை நாட்டிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். எட்டு அடித்ததும் மணியை ஆட்டிவிட்டேன். இரண்டும் மேலே வந்துவிட்டன. திராட்சைக்குப் பதில் அதிரசம்.

கட்டுக்குள் அரிப்பு தாங்க முடியவில்லை என்று கேட்டவருக்கு: ஸ்கேல், பின்னல் ஊசி, தென்னங்குச்சி எதுவும் உள்ளே விடாதீர்கள். தோல் கிழிந்து உள்ளேயே புண்ணாகும், வெளியே தெரியாது. ஹேர் டிரையரில் குளிர்காற்று விடுங்கள், வெளியே தட்டுங்கள், காலைத் தூக்கி வையுங்கள்.

9 நவம்பர் 2024

பையனைப் பற்றிப் போன மாதம் இங்கே ஒரு பதிலில் பெருமையாக எழுதியிருந்தேன். தண்ணீர் கொண்டுவருகிறான், தங்கைக்குச் சட்டை மாட்டுகிறான், கட்டையை எடுத்துக் கொடுக்கிறான் என்று. நிறைய பேர் கைதட்டினீர்கள். இப்போது அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் சாயங்காலம் கீழே விளையாடப் போவதை நிறுத்தியிருக்கிறான். அம்மாதான் கவனித்துச் சொன்னார். நான் பாத்ரூமில் இருக்கும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்துகொள்கிறான், ஏதோ புத்தகம் படிப்பதுபோல. ஏன்டா என்றால் "சும்மா". நான் விழுந்த சத்தத்தைக் கேட்டு முதலில் ஓடி வந்தவன் அவன்தான். என் கால் திரும்பியிருந்த கோலத்தைப் பார்த்தவன். வலி, ஆம்புலன்ஸ், ஆபரேஷன் என்று நாங்கள் அலைந்ததில் அவன் என்ன பார்த்தான் என்று யாரும் கேட்கவே இல்லை. நல்ல பிள்ளையாக உதவிக்கொண்டிருந்தான், நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

நேற்று இரவு உட்கார்த்திப் பேசினேன். எலும்பு எப்படி உடைந்தது, பிளேட் எப்படி வைத்தார்கள், எக்ஸ்ரேயில் ஸ்க்ரூக்களை எண்ணச் சொன்னேன். எண்ணினான். "மறுபடி விழுந்தா பிளேட் உடையுமா?" என்றான். இதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கேள்வி. பாத்ரூமில் ரப்பர் விரிப்பு, பிடித்துக்கொள்ளக் கம்பி, நாற்காலி எல்லாவற்றையும் காட்டி, எப்படி உட்காருகிறேன், எப்படி எழுகிறேன் என்று செய்து காட்டினேன். அப்புறம் ஒரு ஒப்பந்தம்: காலையில் தண்ணீர் பாட்டில் நிரப்புவதும் தரையில் ஈரம் இருந்தால் துடைப்பதும் அவன் வேலை. பாத்ரூம் காவல் அவன் வேலை இல்லை, அதற்குப் பாட்டி இருக்கிறார். இன்று கீழே போனான். ஆனால் நடுவில் ஒரு தடவை மேலே வந்து பார்த்துவிட்டுத்தான் போனான்.

சின்னவள் தன் பங்குக்குத் துடைப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டுகிறாள். அவளுக்கு இதெல்லாம் ஆட்டம். பெரியவர்கள் கவனம் முழுக்கச் சின்னதன் மேல் போகிறது, பயப்படுவது பெரியதாக இருக்கலாம். குழந்தையை ஊருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று நாம் இங்கே அடித்துக்கொள்வதைவிட இதைக் கவனிப்பது முக்கியம் என்று இப்போது படுகிறது.

18 நவம்பர் 2024

கட்டுப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால்தானா? கெண்டைக்கால் வற்றிப்போய், தோல் செதில் செதிலாக உரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், தேங்காய் எண்ணெய். தேய்க்காமல் ஊறவிட்டால் தானே போகும்.

இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுக்கலாம். "20 கிலோ கொடுங்கள்" என்றார்கள். 20 கிலோ என்பது காலுக்கு எப்படித் தெரியும்? பிசியோ சொன்ன வழி: எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, கட்டைகளை ஊன்றி நின்று, உடைந்த காலை மெஷினில் வைத்து முள் 20-க்கு வரும்வரை அழுத்துவது. திரும்பத் திரும்பச் செய்தால் அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடுகிறது. பையனுக்கு முள் பார்க்கும் வேலை பிடித்திருக்கிறது. "இருபத்திரண்டு, குறை" என்று அதிகாரம் செய்கிறான்.

வாக்கர் பற்றி. முதலில் அது வயசானவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். இப்போது வீட்டுக்குள் வாக்கர், வெளியே கட்டை. வாக்கர் சமதளத்தில் அசையாமல் நிற்கிறது, முன்னால் பை மாட்டலாம், கையெடுத்து மூக்கைச் சொறியலாம். மாடிப்படிக்கு மட்டும் உதவாது.

1 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் வந்து போனது. நேற்று முழுக்க அடித்துக் கொட்டியது, விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மேம்பாலத்தில் மறுபடியும் கார்கள். எங்களுக்குக் கரண்ட் இல்லை. இரவு தரைத்தள மோட்டார் அறையில் தண்ணீர் ஏறுகிறது என்றதும் வீட்டுக்காரர் கீழே ஓடினார். இருட்டில் இரண்டு குழந்தைகளோடு நான். பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. மழைக்கு முன்பே எல்லாம் திவானைச் சுற்றி வந்துவிட்டது: டார்ச், தண்ணீர், ரொட்டி, டயப்பர். தரை காய்ந்திருந்தது.

படிக்கட்டு விதி கேட்டவர்களுக்கு. ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு உடைந்த காலும் கட்டையும். இறங்கும்போது கட்டையும் உடைந்த காலும் முதலில், பிறகு நல்ல கால். கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதில், இரண்டு கட்டையும் மறுகையில் சேர்த்து. படி ஈரமாக இருந்தால் இந்த விதிகள் எதுவும் வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள். படிப்படியாகப் பின்புறத்தால் நகர்ந்தே இறங்கலாம், ஏறவும் ஏறலாம். இன்று காலை அப்படித்தான் இறங்கினேன், மகன் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால், மகள் என்னைப் பார்த்துத் தானும் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு பின்னால். கீழ்வீட்டுத் தாத்தா நாளிதழை இறக்கிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

8 டிசம்பர் 2024

பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பு இரண்டாவது மாடியில். சாய்தளமும் இல்லை, லிஃப்டும் இல்லை. "நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை மேடம்" என்றார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் பள்ளிக் கட்டடங்களுக்கும்தானே. இரண்டு மாதம் கட்டை ஊன்றுகிற எனக்கே இப்படி என்றால், அந்தப் பள்ளியில் சக்கர நாற்காலிக் குழந்தை ஒன்றுகூட ஏன் இல்லை என்பது இப்போது புரிகிறது. நான் தரைத்தளத்திலேயே உட்கார்ந்துகொண்டேன், ஆசிரியை இறங்கி வந்தார். நல்ல மனுஷி. கடிதமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் வந்தால் சொல்கிறேன்.

ஆட்டோவில் ஏற: முதுகைக் காட்டி முதலில் சீட்டில் உட்கார்ந்து, பின்னாலேயே நகர்ந்து, கடைசியில் காலை உள்ளே இழுங்கள். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பொறுமையாகவே நிற்கிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து ஓடும் தாழ்தள மாநகரப் பேருந்து கிடைத்தால் விடாதீர்கள். நிறுத்தத்தில் வண்டியே ஒரு பக்கம் தாழ்ந்து கொடுக்கிறது. கிடைப்பதுதான் அரிது.

17 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். ஒற்றைக் கட்டைக்கு வந்துவிட்டேன். பள்ளியிலிருந்து பதில் வரவில்லை.

ஒற்றைக் கட்டை எந்தக் கையில்? உடைந்த கால் பக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், சினிமாவிலும் பலமுறை அப்படித்தான் காட்டுகிறார்கள். எதிர்ப்பக்கம் பிடிக்க வேண்டும். எனக்கு உடைந்தது இடது கால், கட்டை வலது கையில். இடது காலை வைக்கும்போது வலது கையும் முன்னால் போகும், சாதாரணமாக நாம் கைவீசி நடப்பதும் அப்படித்தானே.

குழந்தைகள் கடற்கரை கடற்கரை என்று பிடுங்கினார்கள். காணும் பொங்கல் கூட்டத்தில் யார் போவது? அதற்கு முந்தைய வாரமே, ஒரு வேலைநாள் காலையில், மெரினாவில் மாற்றுத் திறனாளிகளுக்கான மரப்பாதைக்குப் போனோம். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் உடைந்து, பிறகு சரிசெய்தது. 263 மீட்டர். மணலில் கட்டை ஊன்றினால் கைப்பிடிவரை புதையும், இந்தப் பாதையில் அலைக்குப் பக்கம்வரை போய்விடலாம். பலகை இடுக்கில் புஷ் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான கூட்டமே பாதி இடத்தை அடைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. கட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் விலகுகிறார்கள்.

2 பிப்ரவரி 2025

ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம் என்ற கேள்விக்கு. எனக்கு உடைந்தது இடது கால், சிக்னலில் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கால். அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடிகிற வரை வேண்டாம் என்றார் டாக்டர். இன்னும் முடியவில்லை. வலது கால் ஆனவர்கள், அதிலும் கார் ஓட்டுபவர்கள், அவசரமே படாதீர்கள். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வலது கணுக்காலில் ஆபரேஷன் ஆனவர்கள் பிரேக் மிதிக்கும் வேகம் இயல்புக்குத் திரும்ப ஒன்பது வாரம் ஆனது. நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்பதற்காக மிதிக்கவும் தயார் என்று அர்த்தம் இல்லை. பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். வேன்காரருக்குக் கொடுக்கும் காசு போகட்டும்.

பிளேட்டை எடுத்துவிட வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். வலிக்காமல், உறுத்தாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் பையனுக்குத்தான் இதில் வருத்தம். எடுத்தால் ஸ்க்ரூக்களைத் தனக்குத் தர வேண்டும் என்று டாக்டரிடமே சொல்லி வைத்திருக்கிறான்.